வலைப்பதிவுகளையும் செய்திகளையும் ஓடை வழியாகப் படிப்பது எப்படி?

உங்களுக்குப் பிடித்த வலைப்பதிவர் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எழுதுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஏதும் எழுதியிருக்கிறாரா என்று நாள்தோறும் அவருடைய தளத்தைத் திறந்து பார்த்து ஏமாறுவதும், நான்கு நாள் ஏமாந்த பிறகு அப்படியே மறந்துபோவதும் நம்மில் பலருக்கும் நடப்பதுதான். சமூக ஊடகத்தில் அவரைப் பின்தொடர்ந்தாலும், அவர் இட்ட இணைப்பு நம் கண்ணில் படுமா படாதா என்பதை அந்த ஊடகத்தின் நிரல்தான் முடிவு செய்கிறது. அடிக்கடி எழுதுபவர்களின் கூட்டத்தில் எப்போதாவது எழுதுபவரின் பதிவு அடியில் போய்விடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கும் வசதி ஒன்று 1999 முதல் இணையத்தில் இருந்துவருகிறது. ஓடை என்றும் செய்தியோடை என்றும் தமிழ் வலைப்பதிவர்கள் அதை அழைக்கிறார்கள். கட்டணம் இல்லாமல், மின்னஞ்சல் முகவரிகூடக் கொடுக்காமல், அரை மணி நேரத்தில் அதை அமைத்துக்கொள்ளலாம். ஒருமுறையும் பயன்படுத்தியிராதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஓடை எப்படி வேலை செய்கிறது

ஒரு வலைத்தளம் நாம் பார்க்கும் பக்கங்களோடு கூடவே இன்னொரு கோப்பையும் வைத்திருக்கிறது. தளத்தில் கடைசியாக வந்த பத்து, இருபது பதிவுகளின் விவரம் அதில் இருக்கும். புதுப் பதிவு வெளியானதும் அது கோப்பின் தலைப்பகுதியில் சேர்ந்துகொள்ளும். பழையது கடைசியிலிருந்து விழுந்துவிடும். அந்தக் கோப்பை உலாவியில் நேரடியாகத் திறந்தால் கோண அடைப்புக் குறிகளாகத் தெரிவதால் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று புதியவர்கள் மூடிவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது மிக எளிமையான அமைப்பு என்பது புரியும். முதலில் தளத்தின் பெயர் இருக்கும். அதன் கீழே ஐட்டம் என்ற குறியில் தொடங்கி அதே குறியில் முடியும் துண்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு பதிவு. அதற்குள் டைட்டில் என்ற குறிகளுக்கு நடுவில் பதிவின் தலைப்பும், லிங்க் என்பதற்குள் அதன் முகவரியும், பப்டேட் என்பதற்குள் வெளியான நாளும் மணியும், டிஸ்கிரிப்ஷன் என்பதற்குள் சுருக்கமோ முழுப் பதிவோ இருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கோப்பை நமக்காகப் போய்ப் பார்த்துவரும் மென்பொருளை ஓடைப் படிப்பான் என்கிறோம். நாம் கொடுத்த முகவரிகளுக்கெல்லாம் அது குறிப்பிட்ட இடைவெளியில் சென்று, கடைசியாக வந்துபோன பிறகு ஏதும் மாறியிருக்கிறதா என்று வழங்கியிடம், அதாவது தளம் இருக்கும் கணினியிடம், கேட்கும். மாறவில்லையென்றால், ஒழுங்காக அமைக்கப்பட்ட வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும், கோப்பு இறங்காது. இதனால் ஐம்பது தளங்களைத் தொடர்ந்தாலும் கைப்பேசியின் தரவு அதிகம் செலவாவதில்லை. மாறியிருந்தால் புதிய பதிவுகள் இறங்கி, வெளியான நேரத்தின் வரிசையில் உங்கள் முன் நிற்கும். எது மேலே வர வேண்டும் என்று இடையில் வேறு யாரும் தீர்மானிப்பதில்லை. நான் ஓடையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இரண்டு வடிவங்களின் பெயர்கள் உங்கள் கண்ணில் படும். ஒன்று ஆர்எஸ்எஸ், நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். இன்று பெரும்பாலும் புழங்குவது 2002-இல் வந்த அதன் 2.0 பதிப்பு. மற்றொன்று 2005-இல் இணையத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆட்டம். அணு என்னும் பொருளில் வைத்த பெயர். எல்லாப் படிப்பான்களும் இரண்டையும் படிக்கும் என்பதால் இந்த வேறுபாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்எஸ்எஸ் என்று மட்டும் கொடுத்துத் தேடுபொறியில் தேடினால் அதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட அமைப்பைப் பற்றிய செய்திகளே நிறைய வரும். ஃபீட் அல்லது ரீடர் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

தமிழுக்கும் ஓடைக்கும் பழைய உறவு உண்டு. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பல நூறு வலைப்பதிவுகளின் ஓடைகளைப் படித்துத்தான் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டியது. அன்று திரட்டி எல்லோருக்குமாகச் செய்ததை, இன்று உங்கள் விருப்பத்துக்கு ஏற்ற பட்டியலோடு உங்கள் கைப்பேசியிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் ஒரு படிப்பான்

படிப்பான்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை உங்கள் கருவியிலேயே இயங்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், பட்டியலும் உங்களிடமே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஃபீடர், ஐபோனுக்கும் மேக் கணினிக்கும் நெட்நியூஸ்வயர், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்குத் தண்டர்பேர்ட் ஆகியவை இவ்வகை. மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். தண்டர்பேர்ட் மின்னஞ்சலுக்கானது என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். ஓடைகளுக்கென்று அதில் தனிக் கணக்கு வகை இருக்கிறது, பதிவுகள் அஞ்சல்களைப் போலவே வந்து சேரும். இரண்டாம் வகை, ஃபீட்லி, இனோரீடர் போன்ற இணையச் சேவைகள். ஓடைகளைப் படித்துவரும் வேலையை அவற்றின் வழங்கி செய்துவிடுவதால், கைப்பேசியில் படித்த பதிவு கணினியிலும் படித்ததாகவே காட்டும். அதற்கு ஈடாக உங்கள் வாசிப்புப் பட்டியல் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும். இலவசக் கணக்கில் சேர்க்கக்கூடிய ஓடைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

ஒரே கருவியில் படிப்பவர் முதல் வகையில் தொடங்குவதே நல்லது என்பேன். பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்வது எளிது. அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஓடையைச் சேர்த்தல்

ஆண்ட்ராய்டில் ஃபீடரை எடுத்துக்கொள்வோம். பிளே ஸ்டோரிலிருந்தோ, திறந்த மூலச் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டிலிருந்தோ அதை நிறுவித் திறவுங்கள். மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ஆட் ஃபீட் என்ற தெரிவு இருக்கும். அதைத் தொட்டதும் முகவரி கேட்கும் பெட்டி வரும். இங்கே ஓடையின் முகவரியே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்துத் தேடச் சொன்னால், அந்தத் தளத்தில் இருக்கும் ஓடைகளை அதுவே கண்டுபிடித்துக் காட்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வரும். ஒன்று பதிவுகளுக்கான ஓடை, மற்றொன்று பின்னூட்டங்களுக்கானது. கமெண்ட்ஸ் என்று பெயரில் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறு படிவம் திறக்கும். பெயரை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். தளத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் எழுதுபவரின் பெயரைத் தமிழில் கொடுத்துக்கொள்வது பின்னால் தேடும்போது உதவும். டேக் என்ற இடத்தில் இலக்கியம், செய்தி, சமையல் என்று ஒரு வகைப் பெயர் கொடுத்தால் ஒரே வகை ஓடைகள் ஒன்றாகச் சேரும். முழுக் கட்டுரையையும் எடுத்துவரச் சொல்லும் தெரிவு ஒன்றும் அங்கே இருக்கிறது. சில தளங்கள் ஓடையில் முதல் இரண்டு வரிகளை மட்டுமே தருகின்றன. அப்படிப்பட்ட தளத்துக்கு இதை இயக்கிக்கொள்ளுங்கள். புதுப் பதிவு வந்தால் அறிவிக்கச் சொல்லும் தெரிவும் உண்டு. எல்லா ஓடைக்கும் அதை இயக்கினால் நாள் முழுதும் கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். என் கைப்பேசியில் இரண்டே இரண்டு ஓடைகளுக்கு மட்டும் இயக்கி வைத்திருக்கிறேன்; இருவரும் ஆண்டுக்கு நான்கைந்து முறை எழுதுபவர்கள்.

அமைப்புகளில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும், வைஃபையில் மட்டும் பார்த்தால் போதுமா என்பதையெல்லாம் குறிப்பிடலாம். மணிக்கு ஒருமுறை என்பதே தாராளம். மின்கலத்தைச் சேமிப்பதற்காகச் சில கைப்பேசிகள் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுவதுண்டு. பதிவுகள் தாமே வராமல், திறந்து கீழ்நோக்கி இழுத்தால் மட்டும் வருகின்றனவென்றால் கைப்பேசியின் மின்கல அமைப்புகளில் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்க வேண்டும்.

முகவரி கிடைக்காதபோது

புதியவர்கள் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தளங்கள் எல்லாம் செம்மஞ்சள் சதுரத்தில் வெள்ளைப் புள்ளியும் இரண்டு வளைகோடுகளும் கொண்ட சின்னத்தைப் பெருமையோடு முன்னால் வைத்திருந்தன. உலாவிகளும் அதை முகவரிப் பட்டையில் காட்டின. இன்று உலாவிகள் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஃபயர்பாக்ஸும் 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்போடு தன்னிடமிருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. சின்னம் தெரியவில்லை என்பதால் ஓடையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தளத்தை நடத்துபவருக்கே தெரியாமல் ஓடை ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் ஏராளம். அவர் பயன்படுத்தும் மென்பொருள் தானாகவே அதை உருவாக்கிவிடுகிறது.

ஆகவே தளம் எதில் இயங்குகிறது என்று தெரிந்தால் ஓடையின் முகவரியை நாமே எழுதிவிடலாம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், முகப்பு முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் போதும். கணினித் தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதும் கணியம் மின்னிதழின் தளம் வேர்ட்பிரசில் இயங்குவதுதான். முதலில் அதில் பழகிப் பார்க்கலாம். ஒரு பிரிவை மட்டும் தொடர விரும்பினால் அந்தப் பிரிவின் பக்கத்துக்குப் போய் அதன் முகவரியின் பின்னால் இதே சொல்லைச் சேருங்கள்.

தமிழ் வலைப்பதிவுகளில் மிகப் பல பிளாகரில், அதாவது பிளாக்ஸ்பாட் என்று முகவரி முடியும் தளங்களில் இருக்கின்றன. இவற்றுக்கு முகப்பு முகவரியின் பின்னால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டீஃபால்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இதே வரிசையில், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு இட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு சொற்களும் பன்மை என்பதைக் கவனியுங்கள். எஸ் விட்டுப்போனால் ஓடை வராது. கைப்பேசியிலிருந்து முகவரியை நகலெடுக்கும்போது இன்னொரு தடங்கல் வரும். கைப்பேசிக்கான பக்கத்தைக் காட்டுவதற்காகப் பிளாகர் முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, எம் என்ற எழுத்து, சமக்குறி, 1 என்ற எண் ஆகியவற்றை ஒட்டவைத்துவிடும். அந்த வாலை முழுதாக வெட்டிவிட்டுத்தான் ஓடைக்கான சொற்களைச் சேர்க்க வேண்டும்.

பிளாகரில் இன்னும் நுணுக்கமாக ஒன்று செய்யலாம். வலைப்பதிவர் ஒருவர் அரசியல், திரைப்படம், கல்வெட்டு என்று பலவற்றையும் எழுதுகிறார், உங்களுக்குக் கல்வெட்டு மட்டும் போதும் என்றால், டீஃபால்ட் என்ற சொல்லுக்குப் பின் ஒரு சாய்கோடு, ஒரு சிறுகோடு, மீண்டும் ஒரு சாய்கோடு இட்டு, அவர் பயன்படுத்தும் குறிச்சொல்லை அவர் எழுதியிருப்பதைப் போலவே தமிழில் எழுதுங்கள். கல்வெட்டு என்று குறித்த பதிவுகள் மட்டும் வரும். உலாவி அந்தத் தமிழ்ச் சொல்லை விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாற்றிக் காட்டினால் திகைக்க வேண்டாம். முகவரி சரியாகத்தான் இருக்கிறது.

யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு. அலைவரிசைப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலே பெரும்பாலான படிப்பான்கள் ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கடைசியாக வந்த பதினைந்து காணொளிகள் அதில் இருக்கும். மாஸ்டடான் என்னும் சமூக வலைப்பின்னலில் உள்ள கணக்குகளுக்கு, கணக்கின் முகவரியை அடுத்து ஒரு புள்ளியும் ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும். நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகள் உங்களிடம் வந்து சேர்வதும் இதே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான். ஒலிக்கோப்பின் முகவரி ஓடையோடு இணைந்து வருகிறது, அவ்வளவே வேறுபாடு. செய்தித் தளங்களைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பிபிசி தமிழ் ஓடை தருகிறது. சில நாளிதழ்கள் ஆர்எஸ்எஸ் என்றே ஒரு பக்கம் வைத்து, மாநிலம், விளையாட்டு, வணிகம் என்று பிரித்துத் தருகின்றன. அந்தப் பக்கத்தின் இணைப்பு முகப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

எந்த வழியும் பலிக்கவில்லையென்றால், கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்துங்கள். பக்கத்தின் மூல நிரல் தெரியும். அதில் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, ஆர்எஸ்எஸ் என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டம் என்று தேடுங்கள். ஓடை இருந்தால் அதன் முகவரி அந்த வரியிலேயே மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். அதை நகலெடுத்துப் படிப்பானில் ஒட்டுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஓடையைப் பயன்படுத்தத் தொடங்கி இரண்டே வாரத்தில் கைவிட்டவர்கள் பலரை அறிவேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முதல் நாளே மூன்று நான்கு செய்தித் தளங்களின் முழு ஓடையையும் சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் படிக்காதவை முந்நூறு என்று எண் காட்டுகிறது. அடுத்த நாள் அறுநூறு. அந்த எண்ணே ஒரு கடன்போல மனத்தை அழுத்த, செயலியைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தாம் விரும்பிய நான்கு வலைப்பதிவர்களின் பதிவுகளும் அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகின்றன.

எனவே அரிதாக எழுதுபவர்களிடமிருந்து தொடங்குங்கள். நாளுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படும் தளத்தை நீங்கள் எப்படியும் எங்காவது பார்த்துவிடுவீர்கள். அதற்கு ஓடை தேவையே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கட்டுரை எழுதும் ஆய்வாளர், மழைக்காலத்தில் மட்டும் எழுதும் பறவை ஆர்வலர், ஓராண்டு மௌனத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு சிறுகதை வெளியிடும் எழுத்தாளர் போன்றவர்களைத் தவறவிடாமல் இருப்பதற்கு ஓடையைப் போல வேறொன்று இல்லை. முதல் வாரத்தில் பத்து ஓடைகளுக்கு மேல் வேண்டாம். ஒரு நல்ல கட்டுரையை எங்காவது படித்தால், அதை எழுதியவரின் தளத்தை அப்போதே சேர்த்துவிடுங்கள். பட்டியல் அப்படி ஒவ்வொன்றாக வளர்ந்தால் அது உங்கள் வாசிப்பின் வரலாறாகவே ஆகிவிடும். என் பட்டியல் எழுபது ஓடைகளுக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. நாளுக்கு வருபவை ஏழெட்டுப் பதிவுகள்தாம்.

செய்தியும் வேண்டும் என்றால் ஒரே ஒரு தளத்தின் ஒரே ஒரு பிரிவை எடுத்து, அதற்குத் தனி வகைப் பெயர் கொடுத்து ஒதுக்கி வையுங்கள். படிக்காமல் சேர்ந்த செய்திகளை, 'எல்லாவற்றையும் படித்ததாகக் குறி' என்னும் பொத்தானால் தயங்காமல் துடைத்துவிடலாம். நேற்றைய செய்திக்குக் கடன் எதுவும் இல்லை.

பட்டியலைக் காப்பாற்றி வையுங்கள்

உங்கள் ஓடைகளின் பட்டியல் முழுவதையும் ஓபிஎம்எல் என்ற வகைக் கோப்பாக வெளியே எடுக்க ஏறத்தாழ எல்லாப் படிப்பான்களிலும் வழி உண்டு. ஃபீடரில் எக்ஸ்போர்ட் என்று பட்டியலில் இருக்கும். சில நூறு ஓடைகள் இருந்தாலும் அது ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பாகத்தான் இருக்கும். வேறொரு படிப்பானுக்குப் போக வேண்டுமானால் அதில் இம்போர்ட் கொடுத்து இந்தக் கோப்பைக் காட்டினால் எல்லா ஓடைகளும் வகைப் பெயர்களோடு அங்கே வந்துவிடும்.

இதன் அருமை பலருக்கும் 2013-இல் புரிந்தது. உலகிலேயே மிகுதியானோர் பயன்படுத்திய படிப்பான்களில் ஒன்றான கூகுள் ரீடர் அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் மூடப்பட்டது. மார்ச்சிலேயே அறிவித்துவிட்டதால், பட்டியலை வெளியே எடுத்துக்கொண்டவர்கள் வேறு படிப்பானில் மறுநாளே வாசிப்பைத் தொடர்ந்தார்கள். எனக்கோ வேறு வகையில் புரிந்தது. பழுதான கைப்பேசியை மீட்டமைத்தபோது அதிலிருந்த நாற்பது ஓடைகளும் போய்விட்டன. பெரும்பாலானவற்றை ஒரு வாரத்தில் நினைவிலிருந்து மீட்டேன். ஐந்தாறு தளங்களின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. அவை அரிதாக எழுதுபவர்களுடையவை, ஓடை இருந்ததனால்தான் அவர்களை நான் நினைவில் வைத்திருக்கவே தேவையிருக்கவில்லை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோப்பை எடுத்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன்.

ஓடை நின்றுவிட்டால்

ஓர் ஓடையில் நெடுநாளாக ஒன்றும் வரவில்லையென்றால் முதலில் தளத்தை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே புதுப் பதிவுகள் இருந்து ஓடையில் மட்டும் வரவில்லையென்றால், பெரும்பாலும் முகவரி மாறியிருக்கும். எச்டிடிபி என்று தொடங்கியது எச்டிடிபிஎஸ் ஆகியிருக்கலாம், பிளாகரிலிருந்து சொந்தத் தளத்துக்குப் போயிருக்கலாம். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். சில நேரம் கோப்பிலேயே பிழை இருக்கும். இந்தக் கோப்புகளின் இலக்கணம் கறாரானது. ஆங்கிலத்தில் 'மற்றும்' என்பதைக் குறிக்கும் ஆம்பர்சாண்ட் என்ற ஒற்றைக் குறி உரிய முறையில் எழுதப்படாமல் ஒரு தலைப்பில் நுழைந்துவிட்டால் சில படிப்பான்கள் முழு ஓடையையுமே படிக்க மறுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தளத்தை நடத்துபவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் இலவச ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் பிழை எந்த வரியில் என்றே சொல்லிவிடும். அதையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கு வேலை எளிது.

நீங்களும் எழுதுபவரானால்

2021 ஜூலையில், ஓடையில் வரும் பதிவுகளை மின்னஞ்சலிலும் அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் சேவை மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த வலைப்பதிவர்கள் தம் மின்னஞ்சல் வாசகர்களைச் சென்றடையும் வழியை இழந்தார்கள்; ஓடை வழியாகப் படித்தவர்களுக்கு எந்த மாற்றமும் நேரவில்லை. ஆகவே உங்கள் ஓடை நல்ல நிலையில் இருப்பது உங்களுக்கே நன்மை. பிளாகரில் அமைப்புகளுக்குள் தள ஓடை என்ற பகுதியில் முழுமை என்றும், வேர்ட்பிரசில் வாசிப்பு அமைப்புகளில் முழு உரை என்றும் தேர்ந்தெடுத்து வையுங்கள். சுருக்கம் மட்டும் தந்தால் வாசகர் தளத்துக்கு வருவார் என்று கருதுகிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அவர் அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறார். தளத்தின் பக்கப்பட்டையில் ஓடைக்கு ஓர் இணைப்பும் கொடுங்கள். பிறகு உங்கள் ஓடையை உங்கள் படிப்பானிலேயே சேர்த்து, அடுத்த பதிவை வெளியிட்டதும் அது வந்து சேர்கிறதா, படங்கள் தெரிகின்றனவா, பத்திகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.